அப்பனைக் கொன்றவனுக்கு வரவேற்பு: ஓர் ஐரிஷ் நாடகத்தின் கிராமத்து மனிதர்கள்

கடலோரக் கிராமம் ஒன்றின் சாராயக்கடைக்குள் இருட்டும் நேரத்தில் அழுக்கும் களைப்பும் பயமுமாக ஓர் இளைஞன் நுழைகிறான். துருவித் துருவிக் கேட்டபிறகு, என் அப்பனை நானே அடித்துக் கொன்றுவிட்டேன் என்கிறான். போலீசைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாலும் ரொட்டியும் கொடுக்கிறார்கள், கடையிலேயே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள், கடைக்காரர் தன் ஒரே மகளுக்குக் காவலாக அவனையே விட்டுவிட்டு ராத்திரி வெளியே கிளம்பிவிடுகிறார். ஜே. எம். சிங் எழுதிய 'தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' நாடகம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1907 ஜனவரி 26 அன்று டப்ளினில் உள்ள அபே தியேட்டரில் முதன்முதலாக மேடையேறியது. தலைப்பைப் பார்த்துவிட்டு இன்றைய பொருளில் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம், விளையாட்டிலும் வாய்ப்பேச்சிலும் கெட்டிக்காரனான, கொஞ்சம் ஆட்டம் காட்டவும் தெரிந்த பையன் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். இந்த ஊர்க்காரர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கொலைகாரனைக் கொண்டாடுகிறார்களே, அயோக்கியர்களா? பேச்சுக்குப் பேச்சு கடவுளையும் மாதாவையும் கூப்பிடுகிறார்களே, பக்திமான்களா? இல்லை, வெறும் முட்டாள்களா? இப்படி முத்திரை குத்திப் பார்த்தால் நாடகம் பிடிபடாது. நான் சொல்லும் வழி ஒன்றுதான்: ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும், இந்தப் பையன் சொல்லும் கதையை நம்புவதால் இவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் வரும், அந்தப் பதில்தான் அந்தப் பாத்திரம்.

முதலில் இடத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். அயர்லாந்தின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் மேயோ மாவட்டம். கல்லும் சதுப்புமான மண். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று, அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டே இருந்த பகுதி. ஆட்சி லண்டனுடையது என்பதால் போலீசும் பட்டாளமும் ஊர்க்காரர்களுக்கு அந்நியர்கள், நிலத்துச் சண்டைகளில் எதிர்ப்பக்கம் நிற்பவர்கள். இந்தப் பின்னணி இல்லாமல், அப்பனைக் கொன்றதாகச் சொல்லும் அந்த இளைஞன் கிறிஸ்டிக்குக் கிடைக்கும் வரவேற்பு விளங்காது. துணிச்சலான இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் சோப்ளாங்கிகள் என்ற ஆற்றாமை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. நாடகம் முழுவதும் ஒரே அறையில் நடக்கிறது, வீடும் கடையும் சேர்ந்த ஒரு குடிசை. மூன்று அங்கங்கள். ஓர் இலையுதிர்கால மாலையில் ஆரம்பித்து மறுநாளே முடிந்துவிடுகிறது. ஒருவன் ஊருக்குள் வந்து, வீரனாகி, காதலனாகி, பந்தயம் ஜெயித்து, கயிற்றால் கட்டப்பட்டு, வெளியேறுவது வரை எல்லாம் ஒரு ராத்திரி ஒரு பகலுக்குள்.

திரை விலகும்போது கடையில் இருப்பது பெகீன் மைக் மட்டும்தான். இருபது வயதுப் பெண், கடைக்காரர் மைக்கேல் ஜேம்ஸ் ஃபிளாஹர்ட்டியின் மகள். முழுப்பெயர் மார்கரெட் ஃபிளாஹர்ட்டி. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள். மஞ்சள் கவுன் தைக்க ஆறு கஜம் துணி, உயரமான குதிகால் வைத்த பூட்ஸ், கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளும்படியான ஒரு தொப்பி, நெருக்கமான பல் உள்ள ஒரு சீப்பு. அதே தாளில், அதே மூச்சில், கடைக்கு மூன்று பீப்பாய் போர்ட்டர் பீர். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஒருவரும் எதையும் விளக்காமலேயே அந்தப் பெண்ணின் நிலைமை முழுக்க அதில் வந்துவிடுகிறது. அவளுக்குக் கல்யாணம் என்பது சரக்குப் பட்டியலில் ஒரு வரி. மாப்பிள்ளை யார் என்பதில் அவளுக்கு எந்தத் துடிப்பும் இல்லை.

அந்த மாப்பிள்ளைதான் அடுத்து உள்ளே வருகிறான். ஷான் கியோ, அவளுக்கு உறவுக்காரன், வெளுத்த, பருத்த, வசதியான இளம் விவசாயி. உறவுமுறை என்பதால் கத்தோலிக்கச் சபையின் விசேஷ அனுமதி வேண்டும், அது வந்து சேரக் காத்திருக்கிறார்கள். ஷானைப் பற்றி ஒன்றைச் சொன்னால் போதும். வரும் வழியில் முள்செடிப் பள்ளத்தில் யாரோ ஒருவன் வலியில் முனகும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தாயா என்று பெகீன் கேட்கிறாள். போகவில்லை, இருட்டாக இருந்தது, ஆளே இல்லாத இடம் என்கிறான். இதை வெளியே சொல்லிவிடாதே என்றும் கெஞ்சுகிறான். கொஞ்ச நேரத்தில் பெகீனின் அப்பாவும் நண்பர்களும் சாவு வீட்டுக்குக் கிளம்பும்போது, நீ இவளுக்குத் துணையாக இங்கேயே இரு என்று அவனைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரே கூரையின்கீழ் ராத்திரி தங்கினால் பாதிரியார் ஃபாதர் ரைலி என்ன சொல்வாரோ என்று அலறி, மைக்கேல் பிடித்த கோட்டை அவர் கையிலேயே கழற்றிவிட்டு ஓடுகிறான். பெகீன் அந்தக் கோட்டையும் பார்க்கிறாள், மாப்பிள்ளை ஓடிய வாசலையும் பார்க்கிறாள். சற்று நேரத்தில் அதே வாசல் வழியாகத்தான் கிறிஸ்டி வருகிறான், பள்ளத்தில் முனகிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

ஷானை வெறும் கோமாளியாக விட்டுவிடுவது சுலபம், பல மேடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த ஊரின் விதிகள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ஒரே ஆள் அவன்தான். பாதிரியாருக்குப் பயப்படுகிறான், மாடுகன்று சேர்த்து வைத்திருக்கிறான், சீர் பேசும்போது கிடேரிக் கூட்டத்தையும் காளையையும் கணக்குச் சொல்கிறான். ஊர் எதை நல்லது என்று போதிக்கிறதோ அதன்படி நடந்தவனை ஊரே மதிப்பதில்லை.

அப்பா மைக்கேல் ஜேம்ஸைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. நல்ல மனுஷன், குடிகாரர், கேட் கேசிடி என்ற பெண்மணியின் சாவு வீட்டில் விடிய விடிய விழித்திருந்து குடிப்பதற்காக மகளைத் தனியாக விடத் தயங்காதவர். அவருடைய கூட்டாளிகள் ஃபில்லி கல்லனும் ஜிம்மி ஃபாரெலும் சிறு விவசாயிகள், ஊர் வாய் என்றே அவர்களைச் சொல்லலாம். இந்த மூவருக்கும் கிறிஸ்டியின் கதையிலிருந்து கிடைப்பது ஒரு சௌகரியமான சாக்கு. அப்பனையே கொன்றவன் கடையில் இருந்தால் போலீஸ் எட்டிப் பார்க்காது, திரிகிற பட்டாளத்தானும் வாலாட்ட மாட்டான், பெண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறு எது என்று வாதம் செய்துவிட்டு நிம்மதியாகக் குடிக்கப் போகிறார்கள்.

அதற்கு முன்னால் நடப்பதுதான் முதல் அங்கத்தின் உச்சம். கிறிஸ்டி தன் குற்றத்தைச் சொல்லத் தயங்குகிறான், அவர்கள் வரிசையாக ஊகிக்கிறார்கள். திருடினாயா? பெண்ணைத் துரத்தினாயா? நிலத்தைப் பிடுங்கினவனை அடித்தாயா? கள்ள நாணயம் அடித்தாயா? மூன்று கல்யாணம் செய்தாயா? தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு சேர்ந்து இங்கிலாந்துக்கு எதிராகச் சண்டை போட்டாயா? ஒவ்வொரு ஊகத்துக்கும் அவன் தலையாட்டி மறுக்க மறுக்க அவர்களுடைய மரியாதை கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் பெகீன், நீ ஒன்றுமே செய்திருக்க மாட்டாய் என்று சீண்டுகிறாள். அந்தச் சீண்டலுக்குத்தான் அவன் உண்மையைக் கக்குகிறான். காலால் மிதித்து மண்ணில் இறக்கும் நீண்ட பிடி போட்ட மண்வெட்டி ஒன்று, உருளைக்கிழங்குக் கொல்லையில் புழங்குவது, அதைத் தூக்கி அப்பனின் மண்டையில் இறக்கியிருக்கிறான், அவர் காலிச் சாக்குப்போல விழுந்துவிட்டார். அவ்வளவுதான் கதை. இரண்டு வரி.

கிறிஸ்டி மஹோனைப் புரிந்துகொள்ள, அந்த இரண்டு வரி எப்படி வளர்கிறது என்பதை மட்டும் தொடர்ந்து பார்த்தால் போதும். மறுநாள் காலையில் ஊர்ப்பெண்கள் சாரா டான்ஸி, சூசன் பிரேடி, ஆனர் பிளேக் எல்லாம் அவனைப் பார்க்க வருகிறார்கள். சும்மா வரவில்லை, வாத்து முட்டை, வெண்ணெய், கேக், கோழி என்று ஆளுக்கொன்று கொண்டுவருகிறார்கள். சாரா அவனுடைய பூட்ஸை எடுத்துத் தன் காலில் மாட்டிப் பார்க்கிறாள். அதற்கு முன்னால் அவன் தனியாகச் சுவர்க் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு, நான் அழகன்தான் என்று எனக்கு எப்போதும் தெரியும், எங்கள் வீட்டுக் கண்ணாடிதான் தேவதையையே மாறுகண்ணாகக் காட்டும் பிசாசுக் கண்ணாடி என்று சொல்லிக்கொள்கிறான். பெண்கள் நுழைந்ததும் கூச்சத்தில் அந்தக் கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறான், அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கதை கேட்கிறார்கள். இப்போது கதையில் அப்பன் கையில் அரிவாள் முளைத்துவிட்டது, அவர் ஓங்கிச் சுழற்ற இவன் கிழக்கே ஒரு தாவல், வடக்கே முதுகைத் திருப்பி ஒரு வீச்சு, அப்பன் தொண்டைவரை பிளந்து விழுகிறார். இதைச் சொல்லும்போது அவன் கையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோழி எலும்பு இருக்கிறது, எதுவரை பிளந்தது என்று அந்த எலும்பால் தன் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டுகிறான். மேடையில் நல்ல நடிகன் கிடைத்தால் இந்த இடத்தில் அரங்கம் குலுங்கும். இன்னும் சற்று நேரத்தில் பிளவு அரைக்கச்சை வரை இறங்கிவிடுகிறது. அப்படிப் பெருமை அடித்த வாயோடு கதவைத் திறந்தால், தலையில் கட்டோடு அப்பன் எதிரே வந்துகொண்டிருக்கிறார்.

அவன் பொய்யன் என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. முதல் தடவை அவன் சொன்னதை அவனே நம்பினான், அப்பன் செத்துவிட்டார் என்றுதான் பதினோரு நாள் நடந்தே ஓடி வந்திருக்கிறான். அதற்குமேல் சேர்ந்ததெல்லாம் கேட்டவர்களின் கண்களைப் பார்த்துச் சேர்ந்தது. வாழ்நாள் முழுக்க ஏச்சும் உதையும் மட்டுமே வாங்கிய ஒருவனை, யாரோ ஒருத்தி உட்கார வைத்து, நீ அழகாகப் பேசுகிறாய், கவிஞர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று சொன்னால் அவனுக்கு என்ன ஆகும் என்பதுதான் நாடகம். முதல் அங்கம் முடியும்போது, மெத்தையில் படுத்துக்கொண்டு, இத்தனை வருஷம் அப்பனைக் கொல்லாமல் விட்ட நான் எவ்வளவு மடையன் என்று அவன் சந்தோஷமாக நினைத்துக்கொள்வதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இருக்க முடியாது. அந்தச் சிரிப்புக்குக் கீழே ஒரு பையனின் பட்டினி இருக்கிறது.

கொலைக்குக் காரணமும் ஒரு கல்யாணம்தான். கேசி என்ற விதவையைக் கட்டிக்கொள் என்று அப்பன் அவனை விரட்டியிருக்கிறார். நாற்பத்தைந்து வயது, நொண்டும் கால், பார்வை போன கண், பெருத்த உடம்பு, போதாததற்கு இவன் பிறந்த புதிதில் ஆறு வாரம் இவனுக்குப் பால் கொடுத்தவளே அவள்தான். அவளுடைய குடிசைக்கும் காசுக்கும் ஆசைப்பட்டு ஏற்பாடு செய்தார் என்கிறான். பெகீனுக்கு ஷான், கிறிஸ்டிக்கு கேசி. இரண்டு பேருமே சொத்துக் கணக்கில் தள்ளப்பட்டவர்கள். மூன்றாம் அங்கத்தில் இவர்கள் இருவரும் பேசும் காதல் பேச்சு அவ்வளவு பொங்கிப் பெருகுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பெகீனுக்குக் கிறிஸ்டியின் கதையிலிருந்து கிடைப்பது பாதுகாப்பும் இல்லை, வேடிக்கையும் இல்லை. இந்த ஊரைவிடப் பெரிய வாழ்க்கை ஒன்று உண்டு, அது என் வாசலுக்கே வந்துவிட்டது என்ற நம்பிக்கை. மற்றவர்களைவிட அவள் போட்ட முதல் அதிகம், அதனால்தான் பின்னால் அவளுடைய கோபமும் அதிகம்.

இனி விதவை குவின். நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவள்தான், படிக்கிற பலர் இவளைக் கவனிக்காமல் கடந்துவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. முப்பது வயது வாக்கில் இருப்பவள். புருஷனையும் பிள்ளைகளையும் மண்ணில் போட்டவள், தனியாகக் குன்றின்மேல் இருக்கும் வீட்டில் வாழ்கிறாள். அந்தப் புருஷனின் சாவுக்கே இவள்தான் காரணம் என்று ஊருக்குத் தெரியும். துருப்பிடித்த பிக்காசு ஒன்றால் அடித்தாள், காயத்தில் விஷம் ஏறி அவன் பிறகு செத்துப்போனான். பெகீன் இதைச் சொல்லிக் காட்டும்போது, அது திருட்டுத்தனமான கொலை, அதற்குப் பையன்களிடம் கூடப் பெரிய மதிப்பு கிடைக்கவில்லை என்கிறாள். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே கொன்றவள் இதே ஊரில் இருக்கிறாள், அவளுக்கு ஒருவரும் வாத்து முட்டை கொண்டுபோகவில்லை. அவளுடைய கொலையில் ஒரு கதை இல்லை, தாவல் இல்லை, வீச்சு இல்லை, காயம் புரையோடி மெதுவாக வந்த சாவு அது. கிறிஸ்டி கொல்லவே இல்லை, ஆனால் அவனிடம் கதை இருக்கிறது.

முதல் ராத்திரியே குவின் கிறிஸ்டியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வருகிறாள், ஷானும் பாதிரியாரும் சேர்ந்து அனுப்பிவைக்கிறார்கள். பெகீனுக்கும் அவளுக்கும் நடக்கும் வாய்ச்சண்டை அயர்லாந்து மேடையின் மிகச் சிறந்த வசவுகளில் ஒன்று. குவின் ஓர் ஆட்டுக்கடாவுக்கே தாய்ப்பால் கொடுத்து வளர்த்தாளாம், அதைக் கறியாகச் சாப்பிட்ட பிஷப்புக்கு அதில் ஒரு கிறிஸ்தவரின் ருசி தெரிந்ததாம் என்று பெகீன் போடுகிறாள் ஒரு போடு. சரி, இதெல்லாம் சிரிப்பு. ஆனால் அப்பன் மஹோன் உயிரோடு வந்து நிற்கும்போது கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருக்கும் கிறிஸ்டியை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரிலேயே முதலில் உண்மை தெரிந்தவள் அவள், சிரித்துக்கொண்டே கிழவரை வேறு பாதையில் அனுப்பிவிடுகிறாள். அப்புறம் கிறிஸ்டியிடம் மனம் விட்டுப் பேசுகிறாள், நானும் உன்னைப் போலத்தான், வெயிலில் வாசலில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டு கடலில் போகும் படகுகளையும் அதில் போகும் ஆண்களையும் பார்த்துக்கொண்டு பல வருஷம் தனியாக இருக்கிறேன் என்கிறாள். அவனோ பெகீனை எனக்கு வாங்கிக்கொடு என்று கெஞ்சுகிறான். அவள் ஒரு கணம் பார்க்கிறாள், பிறகு பேரம் பேசுகிறாள். நடக்க வழிப்பாதை, ஒரு மலையாட்டுக் கடா, மிக்கேல் திருநாளுக்கு ஒரு வண்டி எரு. ஏறக்குறைய இதையேதான் சற்று முன்னால் ஷானிடமும் கேட்டிருந்தாள், அங்கே ஒரு சிவப்புப் பசு கூடுதல். அன்பு கிடைக்காத இடத்தில் எருவாவது கிடைக்கட்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள். கிறிஸ்டியின் கதையை நம்பாமலேயே அவனை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்த ஒரே ஆள் இவள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நாடகாசிரியரும் சொல்லவில்லை.

கிழவர் மஹோனும் லேசுப்பட்டவர் இல்லை. மகனைப் பற்றி அவர் கொடுக்கும் சித்திரம் வேறு: சோம்பேறி, பெண்களைக் கண்டால் செடிக்குள் ஒளிகிறவன், சுற்றுவட்டாரமே கேலி செய்யும் பையன். இதில் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. தலையில் அடிபட்ட நாளிலிருந்து ஊர் ஊராக நடந்து, காயத்தைக் காட்டி நடந்ததைச் சொல்லிச் சொல்லியே, ஒரு வேலையும் செய்யாமல் நல்ல படுக்கையும் ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடும் சம்பாதித்து வந்திருப்பதாக அவரே பெருமையாகச் சொல்கிறார். அதாவது அடித்தவனும் கதை சொல்லிப் பிழைக்கிறான், அடிபட்டவரும் கதை சொல்லிப் பிழைக்கிறார். இரண்டு பேரும் ஒரே அச்சு. கடற்கரையில் நடக்கும் கோவேறு கழுதைப் பந்தயத்தைக் கடையின் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது ஜெயித்தவன் தன் மகன் மாதிரி இருக்கிறானே என்று அவர் திகைக்க, உமக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குவின் சொல்லி நம்ப வைத்துவிடுகிறாள். உடனே அவர் அதையும் பெருமையாக்கிக்கொண்டு, ஏழு டாக்டர்கள் என் பேச்சை எழுதி எழுதி வைத்தார்கள், அவ்வளவு பெரிய பைத்தியம் நான் என்று ஆரம்பித்துவிடுகிறார்.

மேடைக்கே வராதவர்களையும் மறந்துவிடக் கூடாது. ஃபாதர் ரைலி ஒரு காட்சியிலும் தலைகாட்டுவதில்லை, ஆனால் ஷானின் ஒவ்வொரு அசைவும் அவரைக் கேட்டுத்தான் நடக்கிறது. தூரத்திலிருக்கும் ரோமாபுரியும், ரோந்து சுற்றும் போலீசும்கூட அப்படித்தான், பெயராகவும் பயமாகவும் மட்டும் இருக்கிறார்கள்.

மூன்றாம் அங்கத்தில்தான் ஊர் ஒரே பாத்திரமாகத் திரள்கிறது. கிறிஸ்டி பந்தயங்களில் உண்மையிலேயே ஜெயித்திருக்கிறான், கதையால் வந்த பட்டத்துக்கு இப்போது உடம்பாலும் ஈடு கொடுத்துவிட்டான். மைக்கேல் சாவு வீட்டிலிருந்து போதையில் திரும்பி, சபையின் அனுமதி வந்துவிட்டது என்கிறார். பெகீன் முடியாது என்கிறாள். கிறிஸ்டியோடு மோத ஷானுக்குத் தைரியம் இல்லை. வேறு வழியில்லாமல் மைக்கேல் இவர்களுக்கு ஆசி கொடுத்து முடிக்கும் நேரத்தில், கிழவர் பாய்ந்து உள்ளே வந்து மகனைப் போட்டு அடிக்கிறார். ஒரு நிமிஷத்தில் எல்லாம் தலைகீழ். செத்ததாகச் சொன்னவர் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் ஊருக்குப் பெரிய குற்றம், கேலி கிளம்புகிறது. விட்டுப் போன மரியாதையை மீட்க கிறிஸ்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே அப்பனைத் துரத்துகிறான், எல்லோர் கண் முன்னாலும் அடி விழுகிறது. இனி பெகீன் தன்னைக் கொண்டாடுவாள் என்று திரும்பி வருகிறான். கயிற்றைச் சுருக்குப் போட்டு அவன்மேல் இறக்குகிறார்கள்.

தூர ஊரில் நடந்ததாகக் கேட்கும் அடிதடி பிரமாதம், ஆனால் நம் கொல்லைப்புறத்தில் கண்ணால் பார்ப்பது வேறு, அற்புதமான கதைக்கும் அசிங்கமான செயலுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது என்ற பொருளில் பெகீன் இங்கே சொல்லும் வசனம் புகழ்பெற்றது. பலர் இதை நாடகத்தின் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதைச் சொன்ன கையோடு அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள்: அடுப்பில் எரியும் கரிமண் கட்டியை எடுத்து, கட்டிப்போட்டிருக்கும் கிறிஸ்டியின் காலில் சூடு வைக்கிறாள். அசிங்கமான செயல் அவள் கையாலேயே நடக்கிறது. அந்த வசனம் ஞானம் இல்லை, ஏமாந்த வலி. அதற்குச் சற்று முன்னால் கிறிஸ்டி ஷானின் காலைக் கடித்திருந்தான். கயிறு விழுவதற்கு முன்னால் அவனுக்குப் பெண் உடை போர்த்தித் தப்பவைக்கப் பார்ப்பது குவின்தான். அவன் மறுத்துவிடுகிறான். டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று பின்வாசல் வழியாகப் போனவள், அதற்கப்புறம் மேடைக்குத் திரும்புவதில்லை. யாரும் அவளைத் தேடவும் இல்லை.

கிழவர் இரண்டாம் தடவையும் சாகவில்லை, தவழ்ந்துகொண்டே உள்ளே வருகிறார். அவரே மகனின் கட்டை அவிழ்க்கிறார். இனிமேல் நான்தான் எஜமான் என்று கிறிஸ்டி சொல்ல, கிழவருக்கு அது பிடித்துப்போகிறது, மேயோக்காரர்களின் அயோக்கியத்தனத்தை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு ஜாலியாகத் திரியலாம் என்று கிளம்புகிறார். கிறிஸ்டி போகும்போது அந்த ஊரை வாழ்த்திவிட்டுப் போகிறான், நீங்கள்தான் என்னை ஆளாக்கினீர்கள் என்று. அது உண்மைதான். அவன் சொன்ன பொய்யை நம்பியவர்கள், அவனை அந்தப் பொய்க்கு ஏற்ற ஆளாகவே மாற்றிவிட்டார்கள். மைக்கேல், அப்பாடா, இனி நிம்மதியாகக் குடிக்கலாம், பெகீன் பீரை ஊற்று என்கிறார். ஷான், இனி நம் கல்யாணத்தை நடத்திக்கொள்ளலாம் என்று பக்கத்தில் வர, அவள் காதோடு சேர்த்து ஓர் அறை கொடுத்துவிட்டு, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, போய்விட்டானே என்று புலம்புகிறாள்.

இந்தக் கதைக்கு விதை சிங்குக்கு, அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் அரான் தீவுகளில் கிடைத்தது. டப்ளின் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் 1871-இல் பிறந்தவர், 1898-இல் முதன்முதலாக அந்தத் தீவுகளுக்குப் போனார். அங்கே ஒரு முதியவர் அவருக்குச் சொன்னது: கோபத்தில் அப்பனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டு ஓடிவந்த ஒருவனைத் தீவுக்காரர்கள் ஒளித்து வைத்துக் காப்பாற்றி, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினார்களாம். மேற்குப் பகுதி மக்களுக்குக் குற்றவாளியைக் காப்பாற்றும் மனம் இயல்பாக இருப்பதை சிங் தன் பயண நூலிலும் எழுதியிருக்கிறார். தீவில் நடந்ததில் அப்பன் நிஜமாகவே செத்தார். நாடகத்தில் அவரை எழுப்பி நடக்கவிட்டதுதான் சிங்கின் கை வேலை, அந்த ஒரு மாற்றத்தில்தான் இது நகைச்சுவை நாடகம் ஆயிற்று.

முதல் நாள் அரங்கில் நடந்தது தனிக் கதை. பெகீனாக நடித்தவர் சிங்கைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்த மாலி ஆல்குட், மேடைப்பெயர் மாரி ஓநீல். அவருடைய அக்கா சாரா ஆல்குட்தான் விதவை குவின். கிறிஸ்டியாக வில்லி ஃபே, ஷானாக அவருடைய அண்ணன் பிராங்க் ஃபே. முதல் இரண்டு அங்கங்கள் பெரிய எதிர்ப்பில்லாமல் போயின. மூன்றாவதில், எத்தனை பெண்கள் உள்ளாடையோடு வந்து வரிசையில் நின்றாலும் எனக்குப் பெகீன்தான் வேண்டும் என்ற பொருள்பட கிறிஸ்டி சொன்னதும் கூச்சல் கிளம்பியது. தியேட்டரை நடத்தியவர்களில் ஒருவரான லேடி கிரிகோரி, அப்போது ஸ்காட்லாந்தில் இருந்த கவிஞர் யேட்ஸுக்கு அந்த உள்ளாடைச் சொல்லைச் சொல்லியே தந்தி அடித்தார். அந்த வாரம் முழுக்க ஆர்ப்பாட்டம், தியேட்டருக்குள் போலீஸ், பிப்ரவரி 4-ஆம் தேதி அதே அரங்கில் ஒரு பொது விவாதம். ஐரிஷ் கிராமத்தானையும் ஐரிஷ் பெண்ணையும் கேவலப்படுத்திவிட்டார் என்பது எதிர்த்தவர்களின் குற்றச்சாட்டு. அவர்களை எளிதாக ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. ஐரிஷ்காரனைக் குடிகாரனாகவும் காட்டானாகவும் இங்கிலாந்து மேடைகள் காட்டிக் காட்டிச் சலித்திருந்த காலம், சுதந்திரம் கேட்டுக்கொண்டிருந்த காலம், தங்கள் சொந்த நாடக அரங்கிலேயே கொலைகாரனைச் சுற்றிப் பெண்கள் மொய்ப்பதைப் பார்த்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் பெகீனும் குவினும் பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் எவரும் அந்தப் பெண்களைச் சிங் கேவலமாக நினைத்தார் என்று சொல்ல முடியாது. 1912 ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இந்த நாடகத்தைப் போட்டதற்காக நடிகர்களையே கைது செய்தார்கள். அதைப் பார்க்க சிங் இல்லை, 1909 மார்ச்சில், முப்பத்தேழு வயதில், மாலியைக் கைப்பிடிக்காமலேயே இறந்துபோனார்.

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். ஆங்கில மூலம் காப்புரிமை முடிந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சின்னப் புத்தகம்தான். மொழிதான் முதலில் மிரட்டும். ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு கலந்த ஆங்கிலம், வாக்கியம் எங்கே முடியும் என்று தெரியாமல் ஓடும். கிராமத்து மக்கள் வாயிலிருந்து அல்லது சின்ன வயதில் தன் வீட்டில் கேட்காத சொல் ஒன்றிரண்டுக்கு மேல் இதில் இல்லை என்று சிங் தன் முன்னுரையில் உறுதி சொல்கிறார், டப்ளினுக்குத் தெற்கே உள்ள விக்லோ பகுதியில் தங்கியிருந்த பழைய வீட்டில் தரைப் பலகையின் இடுக்கு வழியாகச் சமையலறைப் பெண்களின் பேச்சைக் கேட்டதையும் அங்கேயே சொல்கிறார். அதனால் கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள், இரண்டு பக்கத்தில் பழகிவிடும். முதல் தடவை கிறிஸ்டியின் கதை எப்படி நீள்கிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள். பிடித்திருந்தால் இன்னொரு தடவை எடுத்து, விதவை குவின் மேடையில் இருக்கும் பக்கங்களை மட்டும் தனியாகச் சேர்த்துப் படித்துப் பாருங்கள், அவளுக்கு எப்போது எது தெரியும், தெரிந்தும் எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்று.